கைகளைக் காட்டும் கண்ணாடி

“ஒரு ஆளே தூக்கிட்டுப் போற மாதிரி இருந்தாப் போதும்ங்க” என்று சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டு மங்கையர்க்கரசி தையல்கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அவள் போய், வெயிலும் துவைகல்லைத் தாண்டி கருவேப்பிலைச் செடியின் அடிக்கு வந்துவிட்டது. கோதண்டபாணி மட்டும் இன்னும் அந்த வார்த்தையிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு ஆளே. கனமில்லாமல் செய்யுங்க என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது, அவருக்கும் தோன்றியிருக்காது. ஒரு ஆளே என்றால் அந்த ஒரு ஆள் யார்? இதுவரை அவள் கடை போட்ட இடத்துக்கெல்லாம் பெட்டியைத் தூக்கியது அவர், மேசை விரிப்பை விரித்தது அவர், சாயங்காலம் எல்லாவற்றையும் பழையபடி கட்டியதும் அவர். அவர்தான் அந்த ஒரு ஆள் என்றால் அதை அவரிடமே ஏன் சொல்லவேண்டும்? ‘நீங்க தூக்குற மாதிரி’ என்று சொல்வதுதானே முறை? உப்புத்தாளை மடித்துப் பிடித்து, அவளுடைய தோடு ஜிமிக்கிக் கடைக்கு ஸ்டாண்டாகப் போகிற பழைய ஜன்னல் கதவின் சட்டத்தில் இழுத்தார். பச்சை பெயின்ட் பொடியாக உதிர்ந்து வேட்டியில் விழுந்தது. பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மறுபடியும் ஒரு பச்சை. எத்தனை பேர் எத்தனை காலம் மாற்றி மாற்றி அடித்தார்களோ, மரம் தெரிய மாட்டேன் என்கிறது. இவளும் இப்படித்தான், ஒன்றைச் சுரண்டினால் இன்னொன்று வருகிறது என்று நினைத்தார். நினைத்ததும், முப்பது வருஷம் கூட இருந்தவளைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்த வேகத்திலேயே போயும்விட்டது, வார்த்தை மட்டும் நின்றது. ஒரு ஆளே.

ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மனிதர்கள் எந்த இடத்தில் பொய் சொல்லத் தொடங்குகிறார்கள் என்பது தனக்குத் தெரியும் என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. டிக்கெட் இல்லாதவன் தூங்குவதுபோல் படுத்திருப்பான். ஆனால் உண்மையில் தூங்குகிறவனின் விரல்கள் பிரிந்து கிடக்கும், இவன் விரல்கள் மடங்கி இருக்கும். எந்த ஊருக்குப் போகிறாய் என்று கேட்டால் டிக்கெட் உள்ளவன் ஊர்ப் பெயரைச் சொல்லுவான், இல்லாதவன் ஏன் போகிறோம் என்று சொல்லுவான். அடுத்த வாரம் கண்காட்சி என்று மங்கை சொன்னபோது, “எங்க?” என்று கேட்டார். “இடம் இன்னும் முடிவாகலங்க. என்னைய மாதிரி கைவேலை பண்ற பொம்பளைங்களாச் சேர்ந்து போடறது, நிறையப் பேர் வருவாங்களாம், இந்தத் தடவை நல்லா அமையும்னு தோணுது” என்றாள். ஊர்ப் பெயர் வரவில்லை. அதற்கு மேல், “இந்த வாட்டி நீங்க வர வேணாம், வெயில்ல உங்களுக்கு முடியாது” என்று சேர்த்துக்கொண்டாள். நாற்பத்து மூன்று டிகிரியில் விழுப்புரம் பாசஞ்சரில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு நடந்தவனுக்கு வெயில் முடியாதாம். அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் விட்டால் எதிராளி தானாகவே அடுத்த வார்த்தையைச் சொல்லுவான் என்பதும் வேலையில் கற்றுக்கொண்டதுதான். மங்கை சொல்லவில்லை. உள்ளே போய் மண்ணைப் பிசையத் தொடங்கிவிட்டாள். முப்பது வருஷத்தில் அவளும் எதையோ கற்றுக்கொண்டிருந்தாள்.

இந்தச் சாமான்களையே எடுத்துக்கொள்ளலாம். பொன்மலை ஞாயிற்றுச் சந்தைக்கு முன்பெல்லாம் அவர் கூடப் போனால்தான் போவாள். காய்கறி வாங்கிவிட்டுத் திரும்புகிற வழியில் பழைய சாமான் போட்டிருக்கும் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். யார் வீட்டுச் சாவில் வந்ததோ என்பாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு யாரோ சொல்லிக்கொடுத்து இந்தச் சுடுமண் தோடும் ஜிமிக்கியும் செய்யப் பழகினாள். பழகிய கை அடங்கவில்லை, வீடு முழுக்க மண்ணும் பெயின்டும் கொக்கியும். கடைசி இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போகிறாள். ஏதோ பழைய கட்டடத்தை இடித்ததில் வந்த சாய்சட்டம் வைத்த ஜன்னல் கதவு ஒரு ஜோடி. அச்சாபீசில் எழுத்துகளைப் போட்டு வைப்பார்களே, கட்டம் கட்டமாகத் தடுத்த மரத்தட்டு, அது ஒன்று. கைப்பிடி ஒரு பக்கம் உடைந்த பூரிக்கட்டை. யாரோ ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு எடுத்திருக்க வேண்டிய அரக்கு வெல்வெட் ரவிக்கைத் துணி, ஓரத்தில் பூச்சி அரித்தது. அலங்கார மேசையிலிருந்து கழற்றிய முட்டை வடிவக் கண்ணாடி. ஒவ்வொரு வாரமும் ஒன்று. கொண்டுவந்து சுவரோரம் சாத்திவிட்டு, இது எதற்கு என்று கேட்டால், “இருக்கட்டும், பாப்போம்” என்பாள். போன வாரம்தான் எல்லாவற்றையும் எடுத்து அவர் முன்னால் பரப்பி, கதவு ரெண்டையும் கீல் போட்டுப் புத்தகம் மாதிரி நிறுத்தணும், சட்டத்துல மாலையெல்லாம் தொங்கணும், பூரிக்கட்டைல வளையல், எழுத்துத் தட்டுல தோடு, வர்றவங்க போட்டுப் பார்க்கக் கண்ணாடி என்று கை வைத்துக் கை வைத்துக் காட்டினாள். அவள் காட்டக் காட்ட அவருக்குள் ஒரு பக்கம் அழகாக வரும் என்று தோன்றியது. இன்னொரு பக்கம், இவ்வளவும் முன்னாடியே மனசில் வைத்துத்தான் இரண்டு மாதமாக ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதும் தோன்றியது. ஒரு பெண் இரண்டு மாதம் ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ரசம் ஊற்ற முடியும் என்றால், இன்னும் எதையெல்லாம் வைத்துக்கொள்ள முடியும்?

கீலைப் பொருத்தினார். சட்டம் இரண்டும் சேர்ந்து மடங்கின, விரிந்தன, நேராக நின்றன. கை நன்றாகத்தான் வேலை செய்தது. கைக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் கை தன் பாட்டுக்குத் திருப்புளியைத் திருகிக்கொண்டிருந்தது. எழுத்துத் தட்டைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தபோது மூலைகளிலிருந்து பழைய மை கறுப்பாகக் கரைந்து வந்தது, நகத்துக்குள் போனது. இதில் தோடுகளைத் திறந்தபடி அடுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தார். கூட்டம் வரும்போது நாலு பெண்கள் குனிவார்கள், எட்டுக் கைகள் உள்ளே போகும், வெளியே வரும்போது எது எந்தக் கையில் என்று யாருக்குத் தெரியும்? மங்கை ஒருத்தியிடம் விலை சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு எதிரில் இருக்கிறவள் முகத்தைத்தான் பார்க்கத் தெரியும், கையைப் பார்க்கத் தெரியாது. அதனால் அவர் தட்டின் மேலே ஒரு கண்ணாடிப் பலகை வெட்டி வாங்கிவந்து வைத்து, ஓரத்தில் சின்னக் கொண்டி அடித்து, அதற்கு ஒரு பூட்டும் போட்டிருந்தார். ஜிமிக்கிகள் தொங்கும் இடத்தில் ஒவ்வொரு கொக்கியையும் குறடால் முறுக்கிவிட்டார். விற்கிறவள் திருகிக் கழற்றினால்தான் வரும். கடைசியாக முட்டை வடிவக் கண்ணாடியைப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிற கதவின் மேல்பக்கம் மாட்டும்போது, ஆணியை ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தாழ்த்தி, குனிந்து நிமிர்ந்து, பின்னால் போய் மங்கை நிற்கப்போகிற இடத்தில் நின்று பார்த்து, மறுபடி வந்து சாய்த்து, கடைசியில் அவருக்குத் திருப்தியான கோணம் ஒன்று கிடைத்தது. இப்போது பின்னால் நிற்கிறவளுக்கு முன்னால் நிற்கிறவர்களின் கைகள் தெரியும். பைக்குள் போகிற கை, முந்தானைக்குள் போகிற கை, எல்லாமே தெரியும். இதைவிட நல்ல காரியம் அவளுக்கு யார் செய்து தருவார்கள்?

தில்லைநகர் மண்டபத்தில் நடந்ததுதான் இதற்கெல்லாம் காரணம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் மனசை விடாமல் இவ்வளவு நேரம் வேலை பார்த்தார். வேலை முடிகிற நேரத்தில் அது தானாக வந்து நின்றது. கல்லூரியில் படிக்கிற வயசுப் பெண். கடையில் கொஞ்ச நேரம் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், ஒன்றும் வாங்காமல் நகர்ந்தாள். காதில் மங்கை செய்த மயில் தோடு. அதே மயில் தோடு மேசையில் ஒன்று குறைந்தது. கேட்டார், அவ்வளவுதான். மரியாதையாகத்தான் கேட்டார், இந்தாம்மா ஒரு நிமிஷம் என்று. அவள் பதில் சொல்லாமல் மங்கையைப் பார்த்தாள். பதில் சொல்லாமல் அடுத்தவரைப் பார்க்கிறவர்களை அவருக்குத் தெரியாதா? பையைக் காட்டச் சொன்னார். அவள் கோபத்தில் பையை அப்படியே மேசைமேல் கவிழ்த்தாள். சீப்பு, பஸ் பாஸ், டிபன் டப்பா, கறுப்புக் கவரில் சுற்றிய ஒரு பொட்டலம். அந்தப் பொட்டலத்தைத்தான் முதலில் கையால் மூடினாள். அங்கேதான் இருக்கிறது என்று நினைத்து, பிரி என்றார். பிரி என்ற வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் அது என்ன என்று அவருக்குப் புரிந்தது. அவர் வீட்டிலும் ஒரு பெண் வளர்ந்தவள்தானே, மாதாமாதம் இதே கறுப்புக் கவர் வந்ததுதானே. அதற்குள் சுற்றிலும் பத்துப் பேர். மங்கை குறுக்கே வந்து குனிந்து எல்லாவற்றையும் தன் முந்தானையில் அள்ளி அந்தப் பெண்ணின் பையில் போட்டாள். “இது என்கிட்டப் போன மாசம் வாங்கின தோடுங்க, நான்தான் காதுல மாட்டிவிட்டேன்” என்று அவரிடம் சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. குறைந்த தோடு மேசைக்குக் கீழே கிடந்தது. சரி, கேட்டது தப்பா? தெரியாமல் கேட்டது தப்பா? கேட்காமல் விட்டிருந்தால் அது திருட்டா இல்லையா என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? அன்று திரும்பி வரும் பஸ்ஸில் மங்கை பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். இடம் இருந்தது, அதனால் உட்கார்ந்தாள் என்று அன்று நினைத்தார். இன்று அதுவும் வேறுமாதிரி தெரிந்தது.

உள்ளே கூடத்தில் போன் அடித்தது. அவருடைய மணி இல்லை, மங்கையுடையது. சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போயிருக்கிறாள். மறந்தா? அவள் போனை மறந்து போகிறவள் இல்லை, இப்போதெல்லாம் குளிக்கப் போனாலும் ஜன்னல் மேடையில் வைத்துக்கொண்டுதான் குளிக்கிறாள். ஆர்டர் வருமாம். அடித்து நின்றது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்ப் பார்த்தார். பிரிட்டோ என்று பெயர் போட்டிருந்தது. பிரிட்டோ யார்? இந்தப் பெயரை அவள் வாயால் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. நின்றுகொண்டே இருந்தபோது மறுபடி அடித்தது. அடுத்தவர் போனை எடுப்பது சரியில்லைதான். ஆனால் அவசரமாக இருந்தால்? எடுத்தார். எடுத்துப் பேசாமல் இருந்தார்.

“அக்கா, நீங்க சொன்ன மாதிரியே தனி ரூம் சொல்லியாச்சுக்கா. சார்கிட்ட விஷயத்தச் சொல்லிட்டீங்களா?”

இளைய குரல். நாகர்கோவில் பக்கத்து இழுப்பு.

“யாருங்க பேசறது?”

எங்கோ ஆட்டோ ஓடுகிற சத்தம் மட்டும்.

“ராங் நம்பர் சார்” என்றது குரல். துண்டித்துவிட்டது.

அவர் போனைக் கையில் வைத்தபடியே சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். தனி ரூம். சார்கிட்ட. சார் என்றால் அவர்தான், வேறு எந்த சார்? அக்கா என்கிறான். அக்கா என்று கூப்பிடுகிறவன் எதற்கு ராங் நம்பர் என்று பொய் சொல்லவேண்டும்? அக்கா என்று கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ரயிலில் எத்தனை அக்காவையும் எத்தனை தம்பியையும் பார்த்திருக்கிறார். இல்லை, சீச்சீ, ஐம்பத்து நாலு வயசு, முழங்கால் வலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு படுக்கிறவள். அது இல்லை. அதுவாக இருந்தால் அவர் கோபப்பட முடியும், ஊரைக் கூட்ட முடியும், அண்ணன் தம்பிகளை வரவழைக்க முடியும். அதைவிட மோசமானது ஒன்று தோன்றியது. ஒரு ரூம் பார்க்கிறாள். தனியாக இருக்க. ஒரு ஆளே தூக்கிக்கொண்டு போகிறமாதிரி ஒன்றை, அவர் கையாலேயே செய்து வாங்கிக்கொண்டு. கடை ஒரு சாக்கு. இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தன்னுடைய புது வீட்டுக்குத்தான் சாமான் வாங்கியிருக்கிறாள். அவர் மெனக்கெட்டு மரம் தெரிகிறவரைக்கும் சுரண்டிக்கொடுத்திருக்கிறார். போனைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். புள்ளிகளை இணைத்துக் கோடு போடவேண்டும். அவள் போடும்போது ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார், மேலிருந்து கீழே வந்து திரும்பும். போட்டார், அதிர்ந்தது. கீழிருந்து மேலே போட்டார். ப மாதிரி போட்டார். மகள் பெயரின் முதல் எழுத்து மாதிரி வளைத்தார். கொஞ்ச நேரம் கழித்து முயலவும் என்று போன் சொன்னது. சொன்னது அவரைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது. அவர் எத்தனை பேரைக் கழிப்பறைக் கதவைத் தட்டி வெளியே வரச் சொல்லியிருப்பார்! உள்ளே தாழ் போட்டுக்கொண்டு நிற்கிறவனின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்பு மையும் திரையில் கோடு கோடாகப் படிந்திருந்தன. வேட்டி முனையால் துடைத்தார், இன்னும் பரவியது. வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. போனைச் சார்ஜில் செருகும்போது இரண்டு தரம் தவறியது.

மங்கையர்க்கரசி ஒரு துணிப்பையோடு உள்ளே வந்தாள். அவரைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“யாராச்சும் கூப்பிட்டாங்களா?”

“பிரிட்டோன்னு ஒருத்தர்.”

“எடுத்தீங்களா?”

“எடுத்தேன். ராங் நம்பர்னு வச்சிட்டாரு.”

அவள் துணிப்பையை மேசைமேல் வைத்தாள். சிரிக்கவும் இல்லை, பதறவும் இல்லை. மின்விசிறியைப் போட்டுவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“பயந்திருக்கும் அந்தத் தம்பி. கண்காட்சில எடம் ஒதுக்குறது அதுதான். உங்களக் கண்டா அங்க எல்லாருக்கும் பயம்ங்க. தில்லைநகர் கதை எல்லாருக்கும் தெரியும்.”

“தனி ரூம்னான்.”

“ஆமா. நாகர்கோவில்ல ஒரு வாரம் கண்காட்சி. வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில். இன்னிக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“எடம் முடிவாகலன்ன?”

“பொய்தான் சொன்னேன்.”

அவ்வளவு லேசாக ஒருவர் அதைச் சொல்லி அவர் கேட்டதில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க மனிதர்கள் அழுது, சத்தியம் செய்து, சட்டைப்பையைக் கிழித்துக் காட்டி, கடைசியில்தான் அங்கே வந்து சேருவார்கள். இவள் நேராக அங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். அடுத்த கேள்வி எது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“ரயில்வே பாஸ் இருக்குல்ல? ரெண்டு பேருமே போலாமே. நான் கடைப்பக்கம் வரல, ரூம்ல இருந்துக்கிறேன்.”

“டிக்கெட் எடுத்துட்டேங்க. பாஸ் உங்க பேர்ல இருக்கு. இது என் பேர்ல.”

“எந்தக் கோச்சு?”

“சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“சொன்னா அந்த வண்டில வர்ற டி.டி.இ-க்குப் போனப் போட்டு, எனக்கு எதிர் சீட்டுல யாரு உக்காந்திருக்கான்னு கேப்பீங்க.”

கேட்பார். அவள் சொல்லி முடிப்பதற்குள் யாரைக் கூப்பிடலாம் என்று இரண்டு பெயர்கள் அவர் மனசில் வந்துவிட்டிருந்தன. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரிந்தது.

“மத்தவங்கல்லாம் எங்க தங்குறாங்க?”

“ஏழெட்டுப் பேரு சேந்து ஒரு ஹால்ல. எனக்கும் அங்கதான் சொன்னாங்க. நான்தான் தனி ரூம் வேணும்னேன்.”

“அதான் ஏன்?”

விசிறிக் காற்றில் அவள் காதோர நரை பறந்தது. “எங்க வீட்டுல அக்கா தங்கச்சி எல்லாரும் ஒரே பாய்ல படுத்தோம். அப்புறம் இங்க வந்தேன். ஒரு ரூம்ல நான் மட்டும் இருந்ததே இல்லங்க. கதவச் சாத்திட்டு உக்காந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும். வேற ஒண்ணுமில்ல.”

வேற ஒண்ணுமில்ல. இந்த வார்த்தையை எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறார்! பையில் வேற ஒண்ணுமில்ல சார். ஆனால் அவள் விரல்களைப் பார்த்தார், மடியில் பிரிந்துதான் கிடந்தன. அவள் போனை எடுத்து, அவர் பார்க்கும்படி மெதுவாகக் கோடு போட்டுத் திறந்து, அவர் முன்னால் மேசைமேல் வைத்தாள். “பாத்துக்கங்க” என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. இட்லித் தட்டை நகர்த்தி வைப்பதுபோல் வைத்தாள். திரை வெளிச்சமாக இருந்தது. பச்சை நிறத்தில் செய்திகளின் குறி, அதன் தலையில் சிவப்பாக ஒரு எண். விரலை நீட்டினால் போதும். இவ்வளவு நேரம் தாழ் போட்டிருந்த கதவு இப்போது திறந்து கிடந்தது, உள்ளே போக அவருக்குத்தான் கால் வரவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டால்? தோடு விலையும், மண் எங்கே கிடைக்கும் என்பதும், காலை வணக்கமும் மட்டும் இருந்துவிட்டால், இந்த மத்தியானம் முழுக்க அவர் கட்டியதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பார்? அல்லது ஏதாவது இருந்துவிட்டால்? இரண்டில் எது மேல் என்று யோசிப்பதற்குள் திரை மங்கியது, இன்னும் கொஞ்சம் மங்கியது, அணைந்துவிட்டது. இரண்டு பேரும் அது அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஸ்டாண்டு முடிஞ்சிருச்சா?” என்று கேட்டுக்கொண்டே அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள்.

அவர் பின்னாலேயே போனார். அவள் சுற்றி வந்து பார்த்தாள். சட்டங்களை உள்ளங்கையால் தடவினாள். நல்லா வழுவழுன்னு வந்திருக்கு என்றாள். எழுத்துத் தட்டின் மேல் இருந்த கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். பூட்டை நிமிர்த்திப் பார்த்தாள். முறுக்கிய கொக்கி ஒன்றில் விரலை விட்டு, வராமல், மறுபடி முயன்று விட்டுவிட்டாள். பிறகு வாங்க வருகிறவள் நிற்கிற இடத்தில் வந்து நின்று, பின்கட்டில் காயவைத்திருந்த ஒரு ஜிமிக்கியை எடுத்துக் காதோரம் வைத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். குனிந்தாள். எக்கினாள்.

“என்னங்க இது, மூஞ்சியே தெரியல?”

“அது… நீ பின்னால நிக்கிறப்ப…”

அவள் மெதுவாகப் பின்பக்கம் போய் நின்று அங்கிருந்து பார்த்தாள். கண்ணாடியில் அவருடைய இரண்டு கைகள் தெரிந்தன, நகத்தில் மையோடு, வேட்டியைப் பிடித்தபடி. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் கட்டினார். அதுவும் ஒளிப்பதுபோல் இருக்க, மறுபடி முன்னால் கொண்டுவந்தார். அவள் திட்டியிருந்தால் தேவலை.

“ஜிமிக்கி வாங்க வர்றவ எதுக்குங்க வர்றா? அவ மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கத்தான வர்றா?”

அவர் துவைகல்லின் மேலிருந்த திருப்புளியை எடுத்தார். கண்ணாடியின் ஆணியைத் தளர்த்தினார். அவள் மறுபடி முன்னால் வந்து ஜிமிக்கியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“தெரியுதா?”

“நெத்திதான் தெரியுது. கொஞ்சம் கீழ.”

“இப்ப?”

“இன்னும் கொஞ்சம்.”

“இப்ப?”

“ம். இப்பத் தெரியுது.” அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சிவப்பு மண் ஜிமிக்கி கழுத்தோரம் ஆடியது. அவருக்கு இப்போது கண்ணாடியில் அவளுடைய ஒரு கண்ணும் கன்னமும் மட்டும் தெரிந்தன. இவ்வளவு கவனமாக அவள் தன்னையே பார்த்துக்கொள்வதை அவர் பார்த்ததில்லை. யாருக்காக என்று ஒரு கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. ஆணியை இறுக்கினார். கண்ணாடிப் பலகையின் கொண்டியைத் தானே கழற்றினார். பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். குறடை எடுத்து முறுக்கிய கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். கடைசிக் கொக்கி வரைக்கும் அவள் பக்கத்திலேயே நின்றாள். வெல்வெட்டைப் பூச்சி அரித்த ஓரம் உள்ளே போகும்படி மடித்துக் கொடுத்தாள், அவர் பசை தடவி ஒட்டினார். பிறகு எல்லாவற்றையும் மடித்து, நாடாவால் கட்டி, தோளில் மாட்ட ஒரு பட்டை வைத்தார்.

“தூக்கிப் பாக்கறேன்” என்றாள். தூக்கினாள். ஒரு பக்கம் சாய்ந்தாள், சரிசெய்துகொண்டாள். “தெருமுனை வரைக்கும் நடந்து பாத்துட்டு வரேன். தோள்ல அறுக்குதான்னு தெரியணும்ல.”

“நான் வேணா…” என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். அவள் கூடத்தைக் கடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து வெளியே போனாள். போன் மேசைமேலேயே இருந்தது.

அவர் வாசல்படியில் நின்று பார்த்தார். சாயங்கால வெளிச்சம் தெருவில் நீளமாகக் கிடந்தது. மங்கை நிதானமாக நடந்தாள். முதுகில் இடுக்குகளில் மட்டும் பச்சையும் நீலமும் ஒட்டிய மரம், அதற்குமேல் அவள் கொண்டை. கோயில் தாண்டினாள், ரேஷன் கடை தாண்டினாள், முனையில் திரும்பினாள். தெருமுனை வரைக்கும் என்றுதானே சொன்னாள்? முனையில் ஏன் திரும்பவேண்டும்? அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். பஸ் வரும் நேரம்தான். வெள்ளிக்கிழமை என்று சொன்னது உண்மையா? துணிப்பையில் என்ன இருந்தது, அவர் பார்க்கவே இல்லை. உள்ளே போய்ப் பிரித்துப் பார்க்கலாம். பார்த்தால் தெரிந்துவிடும். அல்லது ஓடிப்போய் முனையில் எட்டிப் பார்க்கலாம், நூறு அடி வைத்தால் போதும். ஒரு கால் படியை விட்டு இறங்கிவிட்டது. அவர் அந்தக் காலைக் குனிந்து பார்த்தார். மறுபடி மேலே எடுத்து வைத்துக்கொண்டு, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒரு பஸ் வந்து நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. முனையில் யாரும் வரவில்லை. ஒரு நாய் வந்தது.

எதிர்வீட்டு இன்னாசிமுத்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். “என்ன சார், மேடம் பெரிய மூட்டையோட பஸ் ஸ்டாப் பக்கம் நிக்கறாங்க? எங்க கெளம்பிட்டாங்க?”

கோதண்டபாணிக்கு நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. ஊர், கிழமை, வண்டி.

“அவளத்தான் கேக்கணும்” என்றார்.